ஒரே நூலகம், பல மென்பொருள்கள்: இணைப்பது எப்படி?

படம் காட்டும் செயலிக்கும் பதிவிறக்கக் கருவிக்கும் பொதுவான வேலை ஒன்று உண்டு: சுருக்கிய தரவை விரிப்பது. லினக்ஸ் கணினிகளில் இத்தகைய பல மென்பொருள்கள், 1995இல் வெளிவந்த 'ஸெட்லிப்' நூலகத்தின் ஒரே பிரதியைப் பகிர்ந்துகொள்கின்றன. இதுவே பகிர்வு நூலகம்.

2022 மார்ச்சில் ஸெட்லிப்பில் இருந்த ஒரு நினைவகப் பிழை 1.2.12 பதிப்பில் திருத்தப்பட்டது. நூலகத்தைப் பகிர்ந்த மென்பொருள்களுக்கு அந்த ஒரு கோப்பை மாற்றி, அவற்றை மறுபடி தொடங்கினால் போதும். நூலகத்தைத் தமக்குள்ளேயே நகலெடுத்து வைத்திருந்தவற்றையோ ஒவ்வொன்றாக மீண்டும் உருவாக்க வேண்டும். பகிர்வின் பயன் கிடைக்க மூன்று கட்டங்களில் கவனம் தேவை.

தொகுக்கும்போது

பகிர்வு நூலகம் ஒவ்வொரு மென்பொருளின் நினைவகத்திலும் வெவ்வேறு இடத்தில் அமரலாம். ஆகவே நிரலில் நிலையான முகவரி கூடாது. "புளோக் 12, கதவு 5" என்னாமல் "இங்கிருந்து மூன்றாவது கதவு" என்பதுபோல் வழி சொல்ல வேண்டும். ஜிசிசி தொகுப்பியில் இதற்கான அமைப்பு 'எஃப்-பிக்'.

இணைக்கும்போது

இணைப்பி, நூலகத்துக்குள் 'எஸ்ஓ பெயர்' ஒன்றைப் பதிக்கிறது. ஸெட்லிப்பின் எஸ்ஓ பெயரில் உள்ள எண் 1 மட்டுமே. 1.2.11 போய் 1.2.12 வந்தாலும் அது மாறாது. அதனால் மென்பொருள்கள் புதிய கோப்பைத் தானே கண்டுகொள்கின்றன. பழைய மென்பொருள்களுக்குப் பொருந்தாத மாற்றம் வந்தால்தான் அந்த எண்ணை உயர்த்த வேண்டும். உயர்த்த மறந்தால், பழைய மென்பொருள் பொருந்தாத நூலகத்தை ஏற்றிக்கொண்டு பாதியில் முறியலாம்.

இயக்கும்போது

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். இணைப்பிக்கு 'பெரிய எல்' அமைப்பால் காட்டும் கோப்புறை, இணைக்கும் நேரத்துக்கு மட்டுமே உதவும். இயக்கும்போது நூலகத்தைத் தேடுவது வேறொரு நிரல். அதற்கு அந்தக் கோப்புறை தெரியாது. நூலகத்தை வழக்கமான கோப்புறையில் நிறுவி, 'எல்டிகான்ஃபிக்' கட்டளையால் பட்டியலைப் புதுப்பித்தால் சிக்கல் தீரும்.

அமைப்புகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. 'பிகேஜி-கான்ஃபிக்' கருவியிடம் நூலகத்தின் பெயரைச் சொன்னால், தொகுப்பிக்கும் இணைப்பிக்கும் வேண்டியவற்றை அதுவே எடுத்துத் தரும்.

செய்து பாருங்கள்

நீங்கள் நம்பும் மென்பொருள் ஒன்றின்மீது 'எல்டிடி' கட்டளையை இயக்குங்கள். அது எந்தெந்த நூலகங்களைப் பகிர்கிறது, அவை எந்தக் கோப்புறையிலிருந்து வருகின்றன என்பது வரிவரியாகத் தெரியும்.