சுருட்டை முடி கப்பலேறி வரவில்லை

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்தாலும் சரி, மறையூரிலிருந்து மலையிறங்கி வந்தாலும் சரி, சுருட்டை முடிக்காரப் பிள்ளையோடு வரும் அம்மாக்கள் இப்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "டாக்டர், எங்க வம்சத்துல ஆப்பிரிக்க ரத்தம் இருக்காமே?" கேட்டுவிட்டுக் கைபேசியில் ஒரு வீடியோவை நீட்டுவார்கள். பரம்பிக்குளம் காட்டில் வாழும் காடர் பழங்குடி ஒருவரின் படம், பக்கத்தில் யாரோ ஒரு ஆப்பிரிக்கரின் படம், பின்னணியில் திகில் இசை. இரண்டு படத்தை ஒட்டிவைத்தால் வரலாறு ஆகிவிடுமா?

இந்தப் புரளியின் வேர் பழையதுதான். 1920களின் இறுதியில் பி.எஸ். குகா என்ற மானிடவியலாளர் கொச்சி மலைகளில் ஆட்களை அளந்து பார்த்தார். காடர்களில் சிலருக்கு இறுக்கமான சுருள்முடி இருப்பதைக் கண்டு, இது நெக்ரிட்டோ சாயல் என்று எழுதினார். மூக்கையும் மண்டையையும் அளந்தே குலத்தைத் தீர்மானித்த காலம் அது. அவர் சொன்ன நெக்ரிட்டோகூட அந்தமான், மலேயா பக்கத்துப் பழங்குடிகளைக் குறித்த பெயர். அதை ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேற்றியது நம் வாட்ஸப்.

அந்த அந்தமானையே எடுத்துக்கொள்வோம். ஓங்கே மக்களின் முடி சின்னச் சின்னச் சுருளாக இருக்கும். ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தின் தங்கராஜ் குழு 2005இல் அவர்களின் தாய்வழி மரபணுவை ஆராய்ந்தது. அது ஆசியா முழுக்கப் பரவியிருக்கும் 'எம்' கிளையில்தான் போய்ச் சேர்ந்தது. பாப்புவா மக்களுக்கும் சுருள்முடிதான். மரபணுவில் அவர்களும் ஆப்பிரிக்கர்களைவிட ஆசியர்களுக்கே நெருக்கம். சில நூற்றாண்டுகளுக்கு முன் உண்மையிலேயே ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் சந்ததியும் நம் நாட்டில் உண்டு: வட கன்னடத்திலும் குஜராத்தின் கிர் பக்கமும் வாழும் சித்திகள். அவர்கள் விஷயத்தில் ஆப்பிரிக்க வேரை உறுதிப்படுத்தியது மரபணு, முடி அல்ல. ஆதியில் மனித குலமே அங்கிருந்து புறப்பட்டதுதான் என்பீர்களானால், நேர்முடிக்காரரும் அதில் அடக்கம்.

முடி சுருளுவது தோலுக்கு அடியில் இருக்கும் வேர்ப்பை வளைந்திருப்பதால். அந்த வளைவு உலகின் பல மூலைகளில் பல மக்களிடம் இருக்கிறது. இதற்கு மேல் அதில் மர்மம் ஒன்றுமில்லை.

புரளியோடு நின்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். "எங்களுது ஆப்பிரிக்க முடி, 4சி வகை" என்று சொல்லி, ஆயிரக்கணக்கில் கொடுத்து முடியில் தடவும் வெளிநாட்டு வெண்ணெய் டப்பா வாங்குகிறார்களே, அங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. ஓப்ரா வின்ஃப்ரேயின் சிகையலங்காரர் ஆண்ட்ரே வாக்கர் 1990களில் பிரபலமாக்கிய 1 முதல் 4 வரையான வரிசை அது. 4சி பிற்பாடு மற்றவர்கள் சேர்த்தது. முழுக்க முழுக்க சலூன் கணக்கு.

வகை தெரியவேண்டுமா? தலைக்குக் குளித்து, எதுவும் தடவாமல் காயவிடுங்கள். உச்சியில் ஒன்று, காதோரம் ஒன்று, பிடரியில் ஒன்று என முடியெடுத்து வெள்ளைத் தாளில் வையுங்கள். அலையா, பென்சில் சுற்றளவுக்கு வளையமா, ஊசி பருமனில் நெருங்கிய சுருளா, வளையமே இல்லாமல் கோணல்மாணலாக மடிகிறதா? மூன்றும் மூன்று விதமாக இருந்தால் பயப்படவேண்டாம். ஒரே தலையில் அப்படி இருப்பது சகஜம்.

பழனியில் மொட்டை போட்டால் சுருட்டை நேராகும் என்பார்கள். நேர்த்திக்கடனுக்குப் போடுங்கள், தாராளமாக; கத்தி வேர்ப்பைவரை போகாது. சுருட்டை முடி வளராது என்பதும் பொய். வளர்கிறது, சுருண்டுகொள்வதால் குட்டையாகத் தெரிகிறது. இழுத்து அளந்து பாருங்கள்.

வறட்சி மட்டும் உண்மை. மண்டையில் ஊறும் எண்ணெய்ப்பசை வளைவுகளைத் தாண்டி நுனிக்கு இறங்காது. அதற்குத் தேங்காய் எண்ணெயே போதும். அது முடியின் புரத இழப்பைக் குறைப்பதாக 2003இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று காட்டியது. சூரியகாந்தி எண்ணெய்க்கு அந்தக் குணம் இல்லை. குளிப்பதற்கு முன் தடவுங்கள். கிழக்குச் சித்தூரின் உப்பு போர்வெல் தண்ணீரில் சோப்பு போட்டால் முடியில் வெள்ளையாகப் படியும். ஷாம்பூவும் கண்டிஷனரும் போடுங்கள். கண்டிஷனர் இருக்கும்போதே, அகலப் பல் சீப்பால், நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுங்கள். காய்ந்த சுருளில் பேன் சீப்பை ஓட்டினால் ஒவ்வொரு வளைவிலும் முடி ஒடியும். காடர் மாப்பிள்ளைகள் மணப்பெண்ணுக்கு மூங்கிலில் சீப்பு செதுக்கிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அந்த வீடியோக்காரருக்கு இது ஏன் கண்ணில் படவில்லையோ!

கடைசியாக, பள்ளிக்கூட இரட்டைச் சடை. சுருட்டை முடியை எண்ணெய் வைத்து இழுத்து, ரிப்பன் போட்டு இறுக்கிக் கட்டச் சொல்லும் பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. வருடக்கணக்கில் இப்படி இழுத்தால் நெற்றியோரமும் காதோரமும் முடி மெலியும். அசட்டையாக விட்டால் வேரே செத்துப்போகும், பிறகு எந்த எண்ணெயாலும் முளைக்காது. காலையில் சடை போட்டதும் பிள்ளை "வலிக்குது" என்றால் அவிழ்த்துத் தளர்வாகப் போடுங்கள். டீச்சர் திட்டினால் வாருங்கள், சீட்டு எழுதித் தருகிறேன்.