காதில் தொடங்கும் பிழைகள்

ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஒரு மாணவனின் 'சொல்வதை எழுதுதல்' ஏட்டில் சிவப்பு மைதான் மிகுதி. 'பள்ளம்' என்றால் 'பல்லம்' என்று எழுதுவான். 'சிறகு' என்பது 'திறகு' ஆகும். 'மரத்தில்' என்பது 'மரத்தி' என்று நின்றுவிடும். 'கவனக்குறைவு' என்று குறித்துக் கையொப்பமிட்டேன். பிழையான சொற்களைப் பத்து முறை எழுத வைத்தேன். ஒரு பருவம் முழுவதும் இப்படியே கழிந்தது.

விடுமுறைக்கு முன் ஏடுகளைத் தொகுக்கும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. முதல் ஐந்து சொற்களை நான் கரும்பலகை அருகே நின்று சொல்வேன். பிறகு வரிசைகளுக்கிடையே நடந்துகொண்டே சொல்வது என் வழக்கம். முன்வரிசையில் அமர்ந்திருந்த அவனுடைய பிழைகள் பெரும்பாலும் ஆறாவது சொல்லில்தான் தொடங்கின. என் முகம் தெரிந்தவரை சரியாக எழுதியிருக்கிறான். நான் பின்னால் போனதும் தடுமாறியிருக்கிறான். பெற்றோரிடம் பேசி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம். இரு காதுகளிலும் நடுச்செவியில் நீர் கோத்திருந்தது தெரியவந்தது.

ஒலி பிறப்பதும் சேர்வதும்

தொல்காப்பியத்தின் பிறப்பியலை நாம் பி.எட். பயிற்சிக்கு முன்பே படித்திருக்கிறோம். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் எழுத்தொலியாகிறது என்பது அதன் விளக்கம். மைசூருவில் 1965-இல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் போன்ற இடங்களில் செவித்திறன் இயல் பயில்வோரும் ஒலி பிறக்கும் இடங்களைக் கற்கிறார்கள். அத்துடன், அந்த ஒலி கேட்பவரின் காதில் புகுந்து மூளையில் பொருளாக மாறுவது வரையிலான மறுபாதியையும் படிக்கிறார்கள். நம் பயிற்சியில் விடுபட்டது இந்த மறுபாதியே.

ல, ள, ழ வேறுபாடு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஒரு சான்று. 1999-இல் ஸ்ரீகாந்த் நாராயணன், டானி பர்ட், அபிகெயில் கான் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில் ர, ற, ல, ள, ழ ஆகிய ஒலிகளில் நாக்கு எடுக்கும் வடிவம் காந்த ஒத்ததிர்வுப் படங்களின் உதவியுடன் ஆராயப்பட்டது. படமெடுத்து ஆராய வேண்டிய இந்த வேறுபாட்டை, மங்கலாகக் கேட்கும் ஒரு குழந்தை பிடிக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்.

கண்ணும் கேட்க உதவுகிறது. ஒருவர் 'க' (ga) என்று வாயசைக்கும் படத்துடன் 'ப' (ba) ஒலியைச் சேர்த்தால் பலருக்கு 'த' (da) என்று கேட்கிறது என்பதை 1976-இல் மெகர்க், மெக்டொனால்ட் ஆகிய இருவர் காட்டினர். அந்த மாணவனும் என் முகத்தைப் பார்த்தே பாதி கேட்டுக்கொண்டிருந்தான்.

பிழை எந்தப் படியில்?

ஒரே எழுத்துப்பிழை மூன்று இடங்களில் பிறக்கலாம். அதைப் பிரித்தறிய பல்லி - பள்ளி, வாலை - வாளை, மனம் - மணம் போன்ற இணைச் சொற்களைப் பயன்படுத்தலாம்.

1. கேட்டல்: மாணவனின் பக்கவாட்டில், அவன் நம் முகத்தைப் பார்க்க முடியாதபடி நின்று ஒரு சொல்லைச் சொல்லுங்கள். உரிய படத்தையோ சொல் அட்டையையோ தொடட்டும். இங்கே தவறினால் காதைக் கவனிக்க வேண்டும்.
2. ஒலித்தல்: சரியாகத் தொட்டவன் சொல்லும்போது தவறினால், நாக்கு நிற்கும் இடத்தைக் காட்டிப் பயிற்சி தரலாம்.
3. எழுதுதல்: கேட்டும் சொல்லியும் சரியாக இருந்து எழுத்தில் மட்டும் தவறினால், அது எழுத்துப் பயிற்சி சார்ந்தது. பத்து முறை எழுதுவது பயன் தந்தால் இங்கே மட்டும்தான் தரும்.

ஓர் எச்சரிக்கை. ர - ற, ந - ன வேறுபாடு இன்றைய பேச்சில் பெரும்பாலும் காதுக்குத் தெரிவதில்லை. அவற்றைக் கொண்டு காதைச் சோதிக்கக் கூடாது. வடமாவட்டங்களில் 'வாழைப்பழம்' 'வாயப்பயம்' ஆவது வட்டார வழக்கு, குறைபாடு அன்று.

ஆறு ஒலிகள்

டேனியல் லிங் உருவாக்கிய எளிய சோதனை ஒன்றை நாமும் செய்து பார்க்கலாம். ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்னும் ஆறு ஒலிகளை வாய் தெரியாதபடி, இயல்பான குரலில், ஒழுங்கின்றி இடைவெளி விட்டுச் சொல்ல வேண்டும். மாணவர் கேட்டதும் திரும்பச் சொல்ல வேண்டும். 'ம்', 'ஊ' தாழ்ந்த அதிர்வெண் கொண்டவை. 'ஸ்' மிக உயர்ந்தது. பேச்சின் முழு எல்லையையும் இந்த ஆறும் தொட்டுவிடுகின்றன. இது நோய்க்கணிப்பு அன்று. யாரை அனுப்ப வேண்டும் என்பதற்கான அடையாளம் மட்டுமே.

பட்டியலில் வராதவர்கள்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன்படி, இரு காதுகளிலும் பேச்சு அதிர்வெண்களில் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் செவித்திறன் குறைபாடு. நடுச்செவி நீரால் ஏற்படும் இழப்பு பெரும்பாலும் 20 முதல் 40 டெசிபல்தான். அதுவும் ஒரு வாரம் கூடும், ஒரு வாரம் குறையும். இக்குழந்தைகள் எந்தப் பட்டியலிலும் வரமாட்டார்கள். கூப்பிட்டால் திரும்பவும் செய்வார்கள். அவர்களைக் காட்டிக்கொடுக்கும் பதிவேடு நம் கையில் திருத்தப்படும் ஏடு மட்டுமே.

எங்கள் அடி அண்ணாமலை கிரிவலப் பாதையில் உள்ள ஊர். பௌர்ணமி நெருங்கினால் ஒலிபெருக்கியும் வாகன இரைச்சலும் வகுப்பறை வரை வரும். அந்த நாள்களில் நான் சொல்வதை எழுதுதல் வைப்பதில்லை. மற்ற நாள்களில் சாலைப்பக்கச் சன்னலை மூடிவிட்டு, முன்னால் நின்று, முகம் காட்டிச் சொல்கிறேன். கரும்பலகையில் எழுதும்போது பேசுவதில்லை. ஐயமுள்ள மாணவர்களின் பெயரை, பள்ளிக்கு வரும் சிறார் நல மருத்துவக் குழுவிடமும் வட்டார வள மையச் சிறப்பாசிரியரிடமும் தருகிறேன்.

சிகிச்சைக்குப் பின் அந்த மாணவனின் ஏட்டில் ஆறாவது சொல்லும் ஏழாவது சொல்லும் சரியாகத் தொடங்கின. பழைய ஏட்டில் நான் எழுதிய 'கவனக்குறைவு' என்ற சொல்லை அவன் முன்னிலையிலேயே அடித்தேன். கவனக்குறைவு என்னுடையது என்று அவனிடம் சொன்னேன். இன்று மாலை நீங்கள் ஏடு திருத்தும்போது, பிழைகள் எத்தனை என்று எண்ணுவதோடு, எந்தச் சொல்லிலிருந்து தொடங்குகின்றன என்றும் பாருங்கள்.