நாமறியா ஓரம்

நடுவு நிலைமையின் சிறப்பை நாம் அனைவரும் பள்ளிப் பருவத்திலேயே கற்றோம். திருவள்ளுவர் அதற்கெனத் தனியோர் அதிகாரம் வகுத்துள்ளார். ஆயினும், எவர் பக்கமும் சாராதவன் என்று தன்னை உளமார நம்புபவனிடத்தும், அவன் அறியாமலே ஓரஞ்சாரும் இயல்பு உண்டு என உளநூலார் கூறுவர். அதனைச் சிறிது ஆராய்வாம்.

பகைமையால் எழும் ஓரம் வேறு. பழக்கத்தால் எழும் ஓரம் வேறு. முன்னையதை உடையவன் அதனைத் தானே அறிவான். பின்னையதோ, இளமை தொட்டு வீட்டிலும் வீதியிலும் கேட்ட பேச்சுக்களால் மனத்திற் படிந்தது. ஒருவரது பெயரையோ ஊரையோ கேட்டவுடன், சிந்தனை தொழிற்படுமுன் அது முந்திக்கொள்கின்றது.

மரியான் பேர்ட்ராண்ட், செந்தில் முல்லைநாதன் என்னும் பொருளியலறிஞர் இருவர் 2004ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அமெரிக்காவில் பொஸ்ரன், சிக்காகோ நகரங்களிலே வெளியான வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5,000 கற்பனை விண்ணப்பங்களை அவர்கள் அனுப்பினர். தகைமைகள் ஒத்திருக்க, பெயர்கள் மட்டும் மாற்றப்பட்டன. எமிலி, கிரெக் போன்ற வெள்ளையர் பெயருடையவற்றுள் ஏறக்குறைய 10க்கு ஒன்று அழைப்புப் பெற்றது. லக்கீஷா, ஜமால் போன்ற கறுப்பினத்தார் பெயருடையவற்றுள் 15க்கு ஒன்றே பெற்றது. அறிந்து ஒதுக்கினோர் எத்துணையர், அறியாது ஒதுக்கினோர் எத்துணையர் என அவ்வாய்வு பிரித்துக் காட்டவில்லை. ஒதுக்கப்பட்டவனுக்கோ இரண்டும் ஒன்றே.

இதனை அயலார் குறை எனத் தள்ளுதல் தகாது. சாதி காரணமாக ஒருவரைப் பொதுவிடங்களில் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் இலங்கையில் 1957இல் நிறைவேறியது. சட்டம் வெளிப்படையான தடையைத் தண்டிக்கும். உள்ளத்தில் உறைந்ததைத் தீண்டாது. ஆசிரியனாயிருந்த காலத்தில், வகுப்பில் எவரெவரிடம் வினா எழுப்புகின்றேன் என ஒரு தவணை குறித்துப் பார்த்தேன். பெரும்பாலும் எனக்கு அறிமுகமான குடும்பத்துப் பிள்ளைகளே! வேண்டுமென்று செய்தேனல்லேன், ஆயினும் பின்வாங்கிலிருந்த பிள்ளைகள் அத்தவணை முழுவதும் வாய் திறவாதிருந்தனர்.

இதற்குப் பரிகாரம் யாது? நல்லெண்ணம் மட்டும் போதாது; நல்லொழுங்கும் வேண்டும். பொதுப் பரீட்சை விடைத்தாளிற் பெயருக்குப் பதிலாகச் சுட்டெண் எழுதுகின்றோம். திருத்துவோர் தீயவர் என்பதனாலன்று; நல்லவர்க்கும் அம்மறைப்பு வேண்டும் என்பதனாலேயாம். பிறரைத் தெரிவுசெய்யும் பதவியிலுள்ள பழைய மாணவர்களும் இவ்வழியைக் கைக்கொள்ளலாம். பெயரையும் ஊரையும் மறைத்து விண்ணப்பங்களை முதலில் நோக்குக; யாவரிடத்தும் ஒரே வினாக்களை வினவுக. ஆசிரியர்கள் தாம் வினவுவோரைக் கணக்கெடுத்துப் பார்ப்பாராக. துலாக்கோலைப் பிடிப்பவன் தன் கை நடுங்குவதை முதலில் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.