கோபுரமும் கணினியும்

நுழையும்முன்

ஒரு கோபுரத்தின் அடியளவும் உச்சியளவும் உயரமும் தெரிந்துவிட்டால் அதன் வடிவம் முழுமையும் தெரிந்துவிட்டதாகுமா? அடிக்கும் உச்சிக்கும் இடைப்பட்டதை அறியும் முறையை விளக்குகிறது இப்பாடம்.

நிலைகள் சொல்லும் வடிவம்

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் திருக்கோயிலின் கிழக்கு இராசகோபுரம் பதினொரு நிலைகளும் 217 அடி உயரமும் உடையது. கிருஷ்ணதேவராயர் தொடங்கிய அத்திருப்பணியைத் தஞ்சை நாயக்க மன்னர் செவ்வப்பர் நிறைவு செய்தார். அக்கோபுரத்தின் ஒவ்வொரு நிலையும் தனக்குக் கீழுள்ள நிலையைவிடச் சிறுத்து எழுகிறது. நிலைதோறும் கிடைமட்டமாக வெட்டிப் பார்ப்பதாகக் கருதினால், ஒன்றைவிட ஒன்று சிறிதாகும் செவ்வகங்கள் கிடைக்கும். அவையே குறுக்குவெட்டுகள். அவற்றை உரிய உயரங்களில் நிறுத்தி வெளிவிளிம்புகளை இணைத்தால் கோபுரத்தின் புற உருவம் தோன்றும். கணினிவழி வடிவமைப்பில் இவ்வாறு திண்மம் ஆக்கும் முறைக்கு ‘லாஃப்ட்’ என்று பெயர்.

பெயர் வந்த வழி

லாஃப்ட் என்னும் ஆங்கிலச் சொல் மேல்மாடத்தைக் குறிக்கும். மேலைநாட்டுக் கப்பல் கட்டும் தளங்களில், அகன்ற மாடத் தரையில் கப்பலின் குறுக்குவெட்டுகளை உண்மை அளவிலேயே வரைந்தனர். வளையும் மெல்லிய மரச்சட்டத்தைக் குறித்த புள்ளிகளின் வழியே பொருத்தி, வளைகோடுகளைச் சீராக இழுத்தனர். அம்மரச்சட்டத்தின் பணியை இன்று கணினி செய்கிறது.

செய்முறை

ஃப்ரீகேட் என்னும் கட்டற்ற மென்பொருளில் இதனைச் செய்து பார்க்கலாம். முதலில் வெவ்வேறு உயரங்களில் உள்ள தளங்களில் மூடிய உருவங்களை வரைதல் வேண்டும். பின்னர் அவற்றைக் கீழிருந்து மேலாக வரிசைப்படுத்தி, லாஃப்ட் கருவியால் இணைத்தல் வேண்டும். ஓர் உருவத்தின் மூலை, அடுத்த உருவத்தில் தனக்கு நேரான மூலையோடு இணைய வேண்டும். அது பக்கத்து மூலையோடு இணைந்துவிட்டால் திண்மம் முறுக்கிய துணிபோல் திரிந்துவிடும்.

எளிமைக்காக ஒரு சதுரக் கோபுரத்தைக் கொள்வோம். அடியின் பக்கம் 10 மீட்டர். உச்சியின் பக்கம் 6 மீட்டர். உயரம் 9 மீட்டர். இவ்விரு சதுரங்களை மட்டும் இணைத்தால், நடு உயரத்தில் பக்கம் 8 மீட்டராக அமையும். கன அளவு 588 கன மீட்டராகும். ஆனால், உண்மையான கோபுரம் மெல்ல உள்வளைந்து, நடுவில் 7.5 மீட்டராக இருப்பின் என்ன ஆகும்? அந்த மூன்றாவது சதுரத்தையும் சேர்த்து நேர்கோடுகளால் இணைத்தால் கன அளவு 552.75 ஆகக் குறைகிறது. அரை மீட்டரைக் காணத் தவறியதால் 35 கன மீட்டருக்கு மேல் பிழை நேர்கிறது!

மேலும், நேர்கோடுகளால் இணைத்தால் நடுச்சதுரத்தில் விளிம்பு மடிந்து தெரியும். வளைகோட்டால் இணைத்தால் சீராக வளையும். இவ்விரண்டில் எது பொருந்தும் என்பதைக் கணினி அறியாது. கட்டடத்தை நேரில் கண்டு அளந்தவரே அறிவார்.

அளவே காவல்

கிருஷ்ணதேவராயர் 1516-இல் எழுப்பிய திருக்காளத்தி இராசகோபுரம் 2010 மே 26 அன்று இடிந்து வீழ்ந்தது. பின்னர் அங்குப் புதிய கோபுரம் எழுப்பப்பட்டு, 2017-இல் குடமுழுக்கு நடைபெற்றது. கல்லும் சுதையும் மீண்டும் கிடைக்கும்; வீழ்ந்த கோபுரத்தை ஏணி வைத்து மீண்டும் அளக்க இயலாது. நிற்கும்போதே நிலைதோறும் எடுத்து வைக்கும் அளவுகள்தாம், பின்னொரு நாள் அதன் உருவை மீட்டுத் தரும். இரண்டு குறுக்குவெட்டுகளிலிருந்தும் கணினி ஒரு கோபுரத்தை வரைந்துவிடும். அது நம் கோபுரமாக இருக்க வேண்டுமெனில், வடிவம் மாறும் இடந்தோறும் அளவெடுத்தல் வேண்டும்.

கற்பவை கற்றபின்…

வீட்டிலுள்ள செம்பு ஒன்றின் சுற்றளவை ஐந்து உயரங்களில் நூலால் அளந்து எழுதுக. அவற்றுள் எந்த அளவை நீக்கினால் செம்பின் வடிவம் மிகுதியாகச் சிதையும் என்பதை வகுப்பில் கலந்துரையாடுக.