தலைமை யாருக்கு? ஸுன்னி, ஷீஆ கருத்து வேறுபாட்டின் தொடக்கம்



முஹர்ரம் மாதம் பிறந்துவிட்டால் நம் கைபேசிகளில் சில காணொளிகள் சுற்றத் தொடங்கிவிடுகின்றன. ஒன்றில் நபித்தோழர்களை ஏசுகிறார்கள். மற்றொன்றில் ஷீஆக்கள் அனைவரையும் ஒட்டுமொத்தமாகக் காஃபிர்கள் என்கிறார்கள். இரண்டையும் பார்த்த பிள்ளை, "அத்தா, இவர்களுக்குள் என்ன சண்டை?" என்று கேட்கிறான். "உனக்கு எதற்கு அதெல்லாம்?" என்று நாம் மழுப்பினால், அவன் அந்தக் காணொளியிடமே போய்ப் பாடம் கேட்பான். ஆகவே நாமே அறிந்து சொல்வது நல்லது.

ஹிஜ்ரி 11ஆம் ஆண்டு, ரபீஉல் அவ்வல் மாதத்தில் நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தானார்கள். அன்றே அன்சாரிகள் பனூ ஸாஇதா குலத்தாரின் ஸகீஃபாவில் கூடி, ஸஅத் பின் உபாதா (ரலி) அவர்களைத் தலைவராக்க ஆலோசித்தார்கள். செய்தி அறிந்த அபூபக்ர், உமர், அபூஉபைதா (ரலி) ஆகியோர் அங்கு விரைந்தார்கள். விவாதத்தின் முடிவில் அபூபக்ர் (ரலி) அவர்களுக்கு பைஅத் செய்யப்பட்டது. மறுநாள் பள்ளிவாசலில் பொதுமக்கள் பைஅத் செய்தார்கள். அலீ (ரலி) அவர்கள் ஸகீஃபாவில் இருக்கவில்லை. நபியவர்களின் குடும்பத்தாருடன் இருந்தார்கள்.

இங்கே இரண்டு கேள்விகள் உள்ளன. யார் தலைவர் என்பது ஒன்று. தலைவர் எப்படி வருகிறார் என்பது மற்றொன்று. இரண்டாவதுதான் ஆழமானது.

அஹ்லுஸ் ஸுன்னாவின் பார்வையில், தமக்குப் பின் இன்னார்தான் ஆட்சித் தலைவர் என்று நபியவர்கள் வெளிப்படையாக நியமிக்கவில்லை. அந்தப் பொறுப்பு சமுதாயத்தின் ஆலோசனைக்கு விடப்பட்டது. தம் இறுதி நோயின்போது தொழவைக்க அபூபக்ர் (ரலி) அவர்களையே ஏவியது அவரது தகுதிக்குச் சான்று. கலீஃபாவும் தவறு செய்யக்கூடிய மனிதரே. ஆகவே கிலாஃபத் ஈமானின் அடிப்படைகளில் ஒன்றல்ல.

பன்னிரு இமாம்களை ஏற்கும் ஷீஆக்களின் பார்வையில், இமாமத் மார்க்கத்தின் அடிப்படைகளில் ஒன்று. இமாம் அல்லாஹ்வால் நியமிக்கப்படுபவர், பாவத்திலிருந்து பாதுகாக்கப்பட்டவர். ஹிஜ்ரி 10, துல்ஹஜ் 18ஆம் நாள் கதீர் கும் என்ற இடத்தில் அலீ (ரலி) அவர்களை நபியவர்கள் 'மவ்லா' என்று கூறியதே நியமனம் என்கிறார்கள்.

அந்தச் சம்பவம் நம்முடைய ஹதீஸ் நூல்களிலும் உள்ளது. கருத்து வேறுபாடு அந்தச் சொல்லின் பொருளில்தான். அரபியில் மவ்லா என்பதற்குத் தலைவர், நேசர், உதவியாளர் எனப் பல பொருள்கள் உண்டு. யமனிலிருந்து திரும்பிய சிலர் அலீ (ரலி) அவர்களைக் குறைகூறியதால், அவரை நேசிக்க வேண்டும் என்று உணர்த்தவே அப்படிக் கூறினார்கள் என்பது நம் அறிஞர்களின் விளக்கம்.

சகோதரர்களே! ஷீஆக்கள் அனைவரும் ஒரே பிரிவினரும் அல்லர். ஹுஸைன் (ரலி) அவர்களின் பேரர் ஸைத் பின் அலீ (ரஹ்), அபூபக்ரையும் உமரையும் நிராகரிக்கும்படி வற்புறுத்தப்பட்டபோது மறுத்துவிட்டார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அவர்களைப் பின்பற்றும் ஸைதிகளும் ஷீஆக்களே. எல்லோரையும் ஒரே தராசில் நிறுப்பது நீதியாகுமா?

இப்போது அலீ (ரலி) அவர்களின் வாழ்வையே பாருங்கள். ஹிஜ்ரி 11 முதல் 35 வரை மூன்று கலீஃபாக்கள் ஆண்டார்கள். அந்த ஆண்டுகளில் அவர்கள் வாளை உருவிக் கிளர்ச்சி செய்யவில்லை. கலீஃபாக்களுக்கு ஆலோசனை கூறினார்கள். அவர்களுக்குப் பின்னால் தொழுதார்கள். மனமுவந்து ஏற்றார்கள் என்கிறோம் நாம். உம்மத் சிதறாதிருக்கப் பொறுமை காத்தார்கள் என்கிறார்கள் ஷீஆக்கள். எப்படிச் சொன்னாலும், யாரை முன்னிட்டு இந்தச் சர்ச்சையோ, அவரே உம்மத்தின் ஒற்றுமையைத் தம் உரிமைக்கு மேலாக வைத்தார்கள் என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகிறார்கள். அவர்களின் மகனார் ஹஸன் (ரலி) அவர்களும் ஹிஜ்ரி 41இல் ஆட்சியை விட்டுக்கொடுத்து இரத்தம் சிந்துவதைத் தடுத்தார்கள்.

அவர்கள் விட்டுக்கொடுத்ததைக் காரணம் காட்டி, இன்று தொழுகையாளிகள் நிறைந்த பள்ளிவாசலில் குண்டு வைப்பவன் யாருடைய வழியில் நடக்கிறான்?

ஆகவே, நம் கொள்கையில் உறுதியாக நில்லுங்கள். நபித்தோழர்களை ஏசுவதை ஏற்காதீர்கள். அஹ்லுல் பைத்தை நேசிப்பது நம் ஈமானில் உள்ளது. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். அதே நாவால் கலிமா சொன்னவரைக் காஃபிர் என்று தீர்ப்பளிக்கும் துணிச்சலையும் தவிர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த காணொளி வரும்போது அதைப் பிறருக்கு அனுப்பாமல் உங்களோடு நிறுத்துங்கள். பிள்ளை கேட்டால், அருகில் அமரவைத்துச் சொல்லிக்கொடுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களை ஒன்றிணைப்பானாக! நீதியோடு பேசும் நாவை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.