அதன் வாலை யாரும் வெட்டவில்லை

கேள்வி: ஐயா, எங்களுக்கு ஏற்காட்டில் சின்னதாக ஒரு காப்பித் தோட்டம் உண்டு. ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலை, சில்வர் ஓக் மரத்தடியில் மிளகுக் கொடி வைக்கக் குழி வெட்டினோம். சருகு மக்கிய மண்ணிலிருந்து ஒரு பாம்பு புரண்டு வந்தது. சுண்டுவிரல் பருமன், ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே நீளம். கறுப்பு உடம்பில் குறுக்கே மெல்லிய மஞ்சள் பட்டைகள். வெயில் பட்டதும் நீலமும் ஊதாவுமாக மின்னியது. தலை கூராக இருந்தது. வால் மட்டும் கத்தியால் சாய்வாகச் சீவியதுபோல் மொட்டை. அதன்மேல் மண் அப்பியிருந்தது. வேலைக்கு வந்த பெரியவர், "இது இருதலைப் பாம்பு. ஆறு மாசம் இந்தப் பக்கம் தலை, ஆறு மாசம் அந்தப் பக்கம் தலை. நக்கினால் குஷ்டம் வரும்" என்று சொல்லி மம்பட்டியை ஓங்கிவிட்டார். நான்தான் தடுத்தேன். என் தம்பியோ, "இதை லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது" என்கிறான். இது என்ன பாம்பு? விஷம் உண்டா? வாலை எது வெட்டியது?
— ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: மம்பட்டியைத் தடுத்தீர்களே அம்மா, அதற்கு முதலில் என் நன்றி. நீங்கள் பார்த்தது விஷமில்லாத பாம்பு. கையில் எடுத்தாலும் கடிக்காது. விரல்களுக்கிடையே தலையை நுழைத்து, மண்ணைத் தேடுவதுபோல் முட்டிக்கொண்டே இருக்கும். நீங்கள் சொல்லும் மஞ்சள் பட்டைகளையும், சாய்வாகச் சீவிய வாலையும், ஏற்காடு என்ற இடத்தையும் சேர்த்துப் பார்த்தால் அது சேர்வராயன் மலையின் கேடயவால் பாம்பு. அறிவியல் பெயர் யூரோபெல்டிஸ் ஷார்ட்டியை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியை விட்டால் உலகில் வேறெங்கும் இது கிடையாது.

பெரியவர் சொன்ன பேரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் இருக்கிறது. நம் ஊர்களில் மண்ணுக்குள் வாழும் பாம்பு எதைக் கண்டாலும் மண்ணுளி, இருதலை என்று ஒரே பேரைச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அவை ஒன்றுக்கொன்று தூரத்து உறவு மட்டுமே உள்ள மூன்று கூட்டங்கள். முதலாவது உண்மையான மண்ணுளிப் பாம்பு. சமவெளியின் வறண்ட காடுகழனிகளில் இருக்கும். கைத்தடி போலப் பருத்து, எலியைச் சுற்றி இறுக்கிக் கொன்று தின்னும். அதன் வால் மழுங்கித் தலை போலவே தெரிவதால்தான் இருதலைக் கதையே பிறந்தது. அதை விலைபேசி நடக்கும் மோசடிகளைப் பற்றித்தான் உங்கள் தம்பி கேள்விப்பட்டிருக்கிறார். அதற்கு மருந்துக் குணமோ அபூர்வ சக்தியோ எதுவும் கிடையாது. இரண்டாவது, செவிப்பாம்பு என்று சொல்லப்படும் புழுப்பாம்பு. மண்புழு என்றே நினைக்க வைக்கும் நூல் உடம்பு; எறும்பு, கறையான் முட்டைகளே உணவு. வீட்டுப் பூந்தொட்டியில் கிடைக்கும் வகையில் ஆணே கிடையாது. பெண் தனியாகவே முட்டையிட்டுப் பெருகும். ஒரே ஒரு பாம்பு தொட்டி மண்ணோடு கப்பலேறினால் போதும் என்பதால் அது உலகமெங்கும் பரவிவிட்டது.

மூன்றாவது கூட்டம்தான் உங்கள் தோட்டத்துப் பாம்பு. யூரோபெல்டிடே என்ற இந்தக் குடும்பத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அத்தனையும் தென்னிந்தியாவை மையமாகக் கொண்ட தீபகற்பத்திலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்கின்றன. இப்படி ஒரு பாம்புக் குடும்பமே நம் மண்ணுக்கு மட்டும் சொந்தமாக இருக்கிறது. ஆனாலும் அதற்கு மக்கள் வாயில் புழங்கும் தனிப்பேர் ஒன்று தமிழில் ஊன்றவில்லை. கேடயவால் என்பது அறிவியல் பெயரின் பொருளைத் தழுவி அமைந்தது. யூரோபெல்டிஸ் என்ற கிரேக்கச் சொல்லில் முன்பாதி வால், பின்பாதி சிறு கேடயம்.

இப்போது வாலுக்கு வருகிறேன். அதை யாரும் வெட்டவில்லை, பிறக்கும்போதே அப்படித்தான். அந்தச் சாய்ந்த பரப்பைக் கைக்கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு செதிலிலும் கெட்டியான வரம்புகள் எழுந்திருப்பதும், நுனியில் முள் போன்ற முனைகள் இருப்பதும் தெரியும். தேங்காய்த் துருவியைத் தொட்டதுபோல் சொரசொரக்கும். ஈரமண் அதில் அப்பிக்கொள்ளும். நீங்கள் பார்த்த மண்ணும் அப்படி அப்பியதுதான். பாம்பு வளைக்குள் தலை நுழைந்து போகும்போது கடைசியாக உள்ளே போவது இந்த மண் பூசிய கேடயம். வந்த வழியைப் பின்னாலிருந்து அதுவே அடைத்துவிடுகிறது. துரத்தி வரும் கட்டுவிரியனுக்கோ கிளறும் காட்டுப்பன்றிக்கோ முதலில் அகப்படுவது உயிர்நிலை இல்லாத அந்தக் கெட்டி முனைதான். இந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் வால் இதே அமைப்பு அல்ல. ஊட்டித் தோட்டங்களில் எருக்குவியலைக் கிளறினால் கிடைக்கும் பெரோட்டே பாம்புக்குக் கேடயம் இல்லை. வால் நுனியில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கூர் மட்டும்.

தலைப்பக்கம் இன்னும் வியப்பானது. மற்ற பாம்புகளின் மண்டை எலும்புகள் இரையை விழுங்குவதற்காக இளகி விரியும். இதற்கு மண்டை இறுகிய ஆப்பு. கண் சிறுத்து ஒரு செதிலின் அடியில் பத்திரமாக இருக்கிறது. கழுத்து மூட்டு நன்றாக மடங்கும்படி அமைந்திருப்பதால் தலையை எந்தப் பக்கமும் சாய்த்து முட்ட முடியும். முட்டும் பலம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கார்ல் கான்ஸ் என்ற விலங்கியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1978-இல் விளக்கினார்கள். உடம்பின் முன்பகுதித் தசை செக்கச்சிவந்து கிடக்கிறது. ஆக்சிஜனைத் தேக்கி வைத்து, களைக்காமல் நெடுநேரம் உழைக்கும் தசை அது. பின்பகுதித் தசை வெளிறியது. மண்ணைத் துளைக்கும்போது முன்பகுதியின் முதுகெலும்பு தோலுக்குள்ளேயே பாம்பாக நெளிந்து மடிகிறது. வெளியே உடம்பு நேராகத்தான் இருக்கும். அந்த இடம் மட்டும் பருத்து வளையின் சுவரை அழுத்திப் பிடிக்கும். அந்தப் பிடிமானத்தில் தலை முன்னே பாயும். பிறகு பின்னுடம்பு இழுபட்டு வரும். அவர்கள் இதைச் சரக்கு ரயிலுக்கு ஒப்பிட்டார்கள்: இன்ஜின் முன்னால், பெட்டிகள் பின்னால். பாம்பைக் கையில் பிடித்தால் கழுத்தடியில் தோல் அசையாமலே உள்ளே ஏதோ மடிவது விரலுக்குத் தெரியும். முதன்முதலில் அதை உணர்ந்த நாளை நான் மறக்கவில்லை.

மின்னிய நீலத்துக்கும் காரணம் உண்டு. செதிலின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய வரிகள் இருக்கின்றன. ஈரமண் ஒட்டாமல் வழுக்கிப் போக அவை உதவுகின்றன. ஒளி அவற்றில் பட்டுச் சிதறுவதால்தான் வானவில் நிறம். மஞ்சள் பட்டை வேறு சங்கதி. இருட்டில் வாழும் பிராணிக்குப் பளிச்சென்ற நிறம் எதற்கு என்ற கேள்வியைத் திருவனந்தபுரத்தில் உள்ள ஐசர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த விவேக் பிலிப் சிரியக்கும் உல்லாச கோதண்டராமையாவும் எடுத்துக்கொண்டார்கள். களிமண்ணில் பாம்பு பொம்மைகள் செய்து, சிலவற்றுக்குப் பளிச்சென்ற நிறக்குறி தீட்டி, சிலவற்றை அப்படியே விட்டுக் காட்டில் வைத்தார்கள். நிறம் தீட்டியவை குறைவாகத் தாக்கப்பட்டன. 2019-இல் முடிவு வெளிவந்தது. மழைக்கு மேலே வரும் சிறிது நேரத்தில் அந்த மஞ்சள் பட்டைதான் இதற்குக் காவல்.

இனி வகைப்பாடு. பாம்பின் உடம்பைவிட அதன் பேருக்குத்தான் அலைச்சல் அதிகம். சேர்வராயன் மலைப் பாம்பை 1863-இல் முதலில் விவரித்தவர் சென்னை மாகாண வனத்துறைக்குத் தலைமை தாங்கிய ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம். பெரணிகளையும் மரங்களையும் தேடி மலைமலையாக ஏறிய அவர் இந்தக் குடும்பத்தில் மட்டும் ஏராளமான இனங்களுக்குப் பெயரிட்டார். பிறகு வந்தவர்கள் அருங்காட்சியகச் சாராயப் புட்டிகளில் நிறம் வெளுத்த மாதிரிகளைப் பார்த்து, இது தனி இனமல்ல, யூரோபெல்டிஸ் சிலானிகா என்ற இன்னொரு பாம்பின் நிறபேதம்தான் என்று சேர்த்துவிட்டார்கள். நூறாண்டுக்கு மேல் உங்கள் மலைப் பாம்புக்குத் தனிப்பேரே இல்லாமல் போயிற்று. 2014-இல் எஸ்.ஆர். கணேஷ், ஆர். ஏங்கல்ஸ், எரிக் ராமானுஜம் மூவரும் செதில் எண்ணிக்கையையும் உடலளவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்து அதைத் திரும்பத் தனி இனமாக நிறுத்தினார்கள். அது சரியான முடிவு என்பதே என் கருத்து.

எதில் போய்ச் சேர்த்தார்களோ அந்தச் சிலானிகாவின் கதையும் கேட்கத்தக்கது. பேரில் சிலோன் இருக்கிறது. ஆனால் அந்தப் பாம்பு இலங்கையில் இல்லை, மேற்குத் தொடர்ச்சி மலையில்தான் இருக்கிறது. இன்னொன்றுக்கு வெகுகாலம் பிலிப்பைன்ஸ் பாம்பு என்றே பேர். பிலிப்பைன்சில் இந்தக் குடும்பமே கிடையாது. அது இலங்கையில் மட்டும் வாழ்வது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாதிரிகள் கடல் கடந்து பாரிசுக்குப் போனபோது புட்டியில் ஒட்டிய ஊர்ப்பேர் தவறாகிவிட்டது. எந்த மலை, எந்தச் சரிவு என்று எழுதி வைக்காத மாதிரியால் பாதிப் பயன்கூட இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். இந்தப் பாம்புகளுக்கு ஊரே அடையாளம்.

ஏன் என்று பாருங்கள். இவற்றுக்கு ஈரமண்ணும் மண்புழுவும் வேண்டும். அடிவயிற்றுச் செதில்கள் குறுகியவை என்பதால் தரையில் வேகமாக ஊரவும் முடியாது. சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் இடையே காய்ந்து கிடக்கும் சமவெளி நமக்கு ஒன்றிரண்டு மணி நேர பஸ் பயணம். இந்தப் பாம்புக்கு அது கடல். ஆக ஒவ்வொரு மலையும் ஒரு தீவு. கொல்லிமலைப் பாம்பு 2020-இல் தனி இனமாக அறிவிக்கப்பட்டது. அதன் பேர் யூரோபெல்டிஸ் ராஜேந்திரனி. கேடயவால் பாம்புகளையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்டு, 1985-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் வழியாக அவற்றைப் பற்றித் தனி நூல் தந்த எம்.வி. ராஜேந்திரன் அவர்களின் நினைவாக இட்ட பேர் அது. ராசிபுரம் பக்கம் போதமலையில் கிடைத்த ரைனோபிஸ் கோவெரி 2013-இல் அறிவிக்கப்பட்டது. சிறுமலைக்கு ஒன்று, பழனிமலைக்குச் சில, நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் வேறு சில என்று கணக்கு நீளும்.

கடல் வற்றி வழி கிடைத்தாலும் இவை எளிதில் இடம் மாறுவதில்லை. பனியுகங்களில் கடல் மட்டம் இறங்கி இந்தியாவும் இலங்கையும் தரைவழியாக இணைந்திருந்த காலங்கள் உண்டு. அப்படியிருந்தும் இலங்கை இனங்களும் இந்திய இனங்களும் நெடுங்காலமாகத் தனித்தனிக் கிளைகளாகவே இருந்து வந்திருக்கின்றன என்று 2004-இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டியது. மரபணு வந்த பிறகு பேரினங்களின் எல்லைகளும் மாறின. 2016-இல் நடந்த பெரிய திருத்தத்தில், பிலிப்பைன்ஸ் பேரைச் சுமந்த அந்த இலங்கைப் பாம்பு தன் தனிப் பேரினத்தை இழந்து ரைனோபிஸில் சேர்ந்தது.

குடும்ப வாழ்க்கையைப் பற்றிச் சுருக்கமாக: இவை முட்டையிடுவதில்லை, குட்டி போடும், ஓர் ஈற்றுக்குப் பத்துக்கும் குறைவு. ஆணுக்கு வால் சற்று நீளம்.

குஷ்டம் ஒரு கிருமியால் வருவது. அதற்கும் பாம்பின் நாக்குக்கும் தொடர்பில்லை என்று பெரியவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். இத்தனை வருஷம் அந்த மண்ணில் உழைத்தவர் அவர். மழைக்குப் பின் எந்தெந்த இடத்தில் இது மேலே வருகிறது என்று உங்களையும் என்னையும்விட அவருக்கே நன்றாகத் தெரியும், கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். 1972-இன் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி மண்ணுளிப் பாம்பைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம் என்று தம்பியிடமும் சொல்லிவையுங்கள்.

தோட்டத்தில் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. மரத்தடிச் சருகைக் கூட்டி எரிக்காதீர்கள். மண்புழு இருக்கிற இடத்தில்தான் இந்தப் பாம்பு இருக்கும், ஆகையால் மண்ணில் ஊற்றும் பூச்சிமருந்தைக் கூடுமானவரை குறையுங்கள். கனமழை பெய்த மறுநாள் காலையில் தோட்டச் சாலையில் இவை ஊர்ந்துகொண்டிருக்கும், வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். அடுத்த முறை கண்ணில் பட்டால் தலையையும், அடிவயிற்றையும், சாய்ந்த வாலையும் தனித்தனியாகப் படம் எடுத்து, இடத்தின் பேரையும் தேதியையும் குறித்து எனக்கு அனுப்புங்கள். படம் எடுத்தவுடன் எடுத்த இடத்திலேயே நிழலான ஈரமண்ணில் விட்டுவிடுங்கள். தானே தலையைப் புதைத்துக்கொண்டு உள்ளே போய்விடும்.