ஆங்கில உபவாக்கியத்தில் தொக்க எழுவாய்

மேட்டுப்பாளையத்தினின்று குன்னூருக்கு 1899இல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அவ்வழிப் பயணத்தைப் பற்றி மாணாக்கர் எழுதும் கட்டுரைகளில், ‘வைல் கிளைம்பிங் டு குன்னூர், டீ கார்டன்ஸ் வேர் ஸீன்’ என்னும் வாக்கியத்தை யாம் அடிக்கடி காண்கின்றோம். தேயிலைத் தோட்டங்களே மலையேறின என்றன்றோ இதற்குப் பொருளாகும்! ‘வைல்’ என்பதன்பின் ‘வீ வேர்’ தொக்கது என்பது மாணாக்கர் கருத்து. ஆங்கிலமோ, தொக்க எழுவாயைப் பிரதான வாக்கியத்தின் எழுவாயாகவே கொள்ளும்.

‘ஏறும்போது தோட்டங்கள் தெரிந்தன’ என்பது தமிழில் வழுவன்று; பிழையின் வேர் இதுவே. ஆயினும் ‘ஏறித் தோட்டங்கள் தெரிந்தன’ என நம்மில் எவரும் எழுதார். ‘செய்து’ என்னும் வாய்பாட்டெச்சம் தன் வினைமுதலையே கொள்ளும் என்பது நன்னூல் விதி. ஆதலின், எழுவாயைச் சோதிக்குமிடத்து ‘ஏறி’ என வைத்துப் பார்க்க. பொருந்தாதாயின், ‘வீ ஸா டீ கார்டன்ஸ்’ எனப் பிரதான வாக்கியத்தை மாற்றுக. அன்றேல் தொக்கதை விரித்தெழுதுக. ‘இஃப் பாஸிபிள்’ போன்ற மரபுத்தொடர்கள் இவ்விதிக்குப் புறம்பானவை.